மல்லாட்டைக் களத்துக்கு வந்த டிரான்சிஸ்டர்

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிறகும் நான் மல்லாட்டைதான் உடைத்துக்கொண்டிருந்தேன். நிலக்கடலைக்கு எங்கள் செஞ்சிப் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். சிங்கவரம் போகும் வழியில் இருந்த எங்கள் காலனியில் அந்தப் பரீட்சையில் தேறிய முதல் பெண் நான். ரிசல்ட் வந்த அன்று நைனா பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் காட்டிய நம்பரின்மேல் விரலை வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அந்த இடத்தைக் காட்டினார். சாயங்காலத்துக்குள் அந்த நம்பர் தேய்ந்து அழிந்தே போனது.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டேன், இடம் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஊர் விடாது. அறுவடைக் காலம் வந்ததும் அம்மாவோடு களத்துக்குப் போனேன்.

அறுபதுகளின் நடுவில் செஞ்சி பஜாரைத் தாண்டித் திண்டிவனம் ரோட்டில் வரிசையாக மல்லாட்டை மண்டிகள் இருந்தன. ஒவ்வொரு மண்டிக்கும் பின்னால் ஒரு களம். எண்ணெய்க்குப் போகிற கொட்டையை மெஷினில் உடைப்பார்கள். விதைக்குப் போகிறதை மட்டும் கையால்தான் உடைக்க வேண்டும், மெஷினில் போட்டால் பருப்பின் தோல் கிழிந்து முளைக்காது. லேசாகத் தண்ணீர் தெளித்த கொட்டையைக் குவித்துவைத்துக்கொண்டு, கட்டைவிரலால் நுனியை அழுத்திப் பிளந்து பருப்பை எடுப்போம். பத்து மணிக்குள் நகத்தடியில் எரிச்சல் ஆரம்பித்துவிடும். சாயங்காலம் ரசம் சோற்றைப் பிசைந்தால் உயிர் போகும்.

எங்கள் முதலாளி மேல்சித்தாமூர் மடத்தைச் சேர்ந்த சமணக் குடும்பம். அதிர்ந்து பேச மாட்டார். இருட்டுவதற்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பதால் மற்ற களங்களைவிட எங்கள் களத்தை முன்னாலேயே மூடிவிடுவார். அம்மா அவரிடம் இருபது வருஷமாக வேலை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம். களத்தில் வேப்ப மரத்து நிழலில் ஊர்ப் பெண்கள் உட்காருவார்கள். சுவர் ஓரமாக வெயிலில் காலனிப் பெண்கள் நாங்கள். அவர்களுக்குப் பானையும் டம்ளரும் உண்டு. எங்களுக்குக் கணக்குப்பிள்ளை செம்பைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவார், நாங்கள் குனிந்து கையில் வாங்கிக் குடிப்போம். அப்போது அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் குழாயில் குடித்துப் பழகியவள் என்பதால் எனக்குப் பாதித் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகிப்போகும். எவ்வளவு தாகமாக இருந்தாலும் ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டேன்.

ஒரு நாள் மதியம் வாடகை சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். முப்பது வயது இருக்கும். டெரிலின் சட்டை, கையில் தோல் உறை போட்ட ஒரு பெட்டி. மதராஸில் புதிதாக ரேடியோ செய்யும் கம்பெனி ஒன்றின் ஆள். தென்னார்க்காடு முழுக்கச் சுற்றி யார் வாங்குவார்கள் என்று பார்த்து வரும்படி அவரை அனுப்பியிருந்தார்கள். முதலாளியின் எதிரே இருந்த தராசுத் தட்டில் அந்தப் பெட்டியை வைத்துக் குமிழைத் திருகினார். பாட்டு வந்தது.

ரேடியோ எங்களுக்குப் புதிது இல்லை. பஞ்சாயத்து ஆபீசில் ஒன்று இருந்தது, கூம்பு கட்டி ஏரிக்கரை வரைக்கும் கேட்கும். ஆனால் அதற்குக் கரண்டு வேண்டும், கம்பம் வேண்டும், கட்டடம் வேண்டும். இது தராசுத் தட்டில் உட்கார்ந்துகொண்டு, வால் இல்லாமல், ஒயர் இல்லாமல் பாடியது. களத்தில் ஒரு கையும் அசையவில்லை. என் பக்கத்தில் இருந்த பெண் உடைத்த கொட்டையைப் பிளந்தபடியே வைத்துக்கொண்டு வாயைத் திறந்திருந்தாள்.

முதலாளி பெட்டியைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார்.

"நல்லாதான் இருக்குது. எங்க வீட்ல பெரிய ரேடியோ இருக்குது, கரண்டும் இருக்குது. இது எனக்கு இன்னாத்துக்கு? பாருங்க, அத்தினி பேரும் வேலைய வுட்டுட்டாங்க. அணைங்க மொதல்ல."

வந்தவர் அணைத்தார். முகம் வாடிவிட்டது. காலையிலிருந்து பஜாரில் கரண்டு உள்ள எல்லா மாடி வீட்டுக்கும் ஏறி இறங்கியிருக்கிறார், எல்லோரும் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எதிர்ப்பக்கத்து மண்டிக்குப் போனார். எதிர் மண்டிக்காரர் எங்கள் முதலாளிக்கு நேர் எதிர். சத்தம், சிரிப்பு, வாய் நிறைய வெற்றிலை. எது புதிதாக வந்தாலும் கையில் எடுத்துப் பார்த்துவிடுவார். பெட்டியை வைத்துவிட்டுப் போங்கள், பிடித்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை நாங்கள் களத்துக்குப் போனபோது ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. அந்தக் களத்து மரக்கிளையில் பெட்டியைத் தோல் வாரோடு மாட்டியிருந்தார்கள். எங்கள் பெண்கள் ரோட்டிலேயே நின்றார்கள். ஒருத்தி, "நான் அந்தாண்ட போறேன்டி" என்றாள். பின்னாலேயே இன்னொருத்தி. கூலி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அறுவடை நேரத்தில் ஆள் கிடைத்தால் போதும் என்று எதிர் மண்டிக்காரரும் ஒன்றும் கேட்கவில்லை. வெயில் ஏறும்போது எங்கள் களத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான் இருந்தோம்.

"நாமளும் போலாம்மா" என்றேன்.

"பாட்டு கேட்டா வயிறு ரொம்பிடுமா? குந்துடி" என்றாள் அம்மா.

முதலாளி வெளியே வந்து குவியலைப் பார்த்தார், காலி இடத்தைப் பார்த்தார். விதைக்கொட்டை உடனே போயாக வேண்டிய சமயம். கணக்குப்பிள்ளையைக் கேட்டார், அவர் தலையைச் சொறிந்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா இது? எங்க போனாங்க எல்லாரும்?"

"எதிர்க்களத்துல ரேடியோ பாடுதுங்க ஐயா."

"அதுக்கு?"

"அதுக்குத்தாங்க."

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டைக் கடந்துபோய் எதிர்க்களத்து வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"பாட்டுக்குக் கை நிக்கும்னு நெனச்சேன். பாட்டோட கை ஓடுது, கணக்குப்பிள்ளை. அந்த ஆள் இன்னும் ஊர்லதான் இருக்குறானான்னு பஸ் ஸ்டாண்டுல பாருங்க."

ரேடியோக்காரர் பக்கத்து ஊரான அனந்தபுரம் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தாராம். கணக்குப்பிள்ளை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு இறக்கினார். ஆனால் அவர் கையில் வேறு பெட்டி இல்லை. வரவழைக்க வேண்டும், கொஞ்சம் நாளாகும் என்றார். அந்த நாட்களில் எங்கள் களம் பாதி காலியாகத்தான் இருந்தது. முதலாளி ஒரு வாரத்திலேயே இளைத்ததுபோல் தெரிந்தார்.

பெட்டி வந்தது. ரேடியோவுக்கு அப்போது வேண்டியிருந்த லைசென்ஸைப் போஸ்ட் ஆபீசில் எடுத்து, பூஜை போட்டு, எங்கள் வேப்ப மரத்திலும் மாட்டினார்கள். பெண்கள் திரும்பி வந்தார்கள். எங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும் என்பதில் தினமும் சண்டை. பெட்டியைத் தெற்கே திருப்பினால் இலங்கை ரேடியோப் பாட்டு தெளிவாக வரும், மேற்கே திருப்பினால் கரகரக்கும். அதனால் தெற்குப் பக்கம் கூட்டம் சேரும். சுவர் ஓரத்து வெயிலிலிருந்து நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தோம். ஊர்ப் பெண் ஒருத்தி முதல் நாள் முகத்தைச் சுளித்தாள். அடுத்த நாள் அவளே, "அடியே படிச்ச பொண்ணு, அந்தக் குமிழத் திருவு, இரைச்சலா இருக்குது" என்றாள். ஒரு வாரத்தில் வரிசைகள் குழம்பிப்போயின. தண்ணீர் மட்டும் பழையபடிதான்.

அந்தப் பருவத்தில் நான் பார்த்ததை இன்றைக்கு நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. இரண்டு களத்தில் பாட்டு வந்ததும் மற்ற மண்டிக்காரர்களுக்கும் வேறு வழி இல்லை, வாங்கினார்கள். எண்ணெய் செக்குக்காரர் வாங்கினார். மதியத்தில் ரேடியோவில் மதராஸ் மார்க்கெட் விலை நிலவரம் சொல்வார்கள். வண்டியில் கொட்டை கொண்டுவந்த அனந்தபுரத்து விவசாயிகள் மாட்டை அவிழ்த்துவிட்டு மரத்தடியில் நின்று அதைக் கேட்பார்கள். எங்கள் முதலாளி சரியாக அந்த நேரத்தில் எழுந்து வந்து ரேடியோவை அணைப்பார். "செல்லு தீந்துடும்" என்பார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். கொஞ்ச நாளில் அந்த விவசாயிகளே ஆளுக்கொரு பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியில் வந்து இறங்கினார்கள், விலை கேட்டுவிட்டே வந்தார்கள். அப்புறம் முதலாளி அணைக்கிறதை விட்டுவிட்டார்.

ரேடியோக்காரர் மாதத்தில் பாதி நாள் செஞ்சியிலேயே இருந்தார். மாடி வீடுகளை மறந்துவிட்டார். கிணற்று மேட்டில் காவல் படுக்கிறவர்கள், லாரி டிரைவர்கள், டீக்கடைக்காரர்கள் என்றுதான் போனார். செல் தீர்ந்த பெட்டிகளையும், விழுந்து உடைந்த பெட்டிகளையும் எங்கள் களத்துக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள். மரத்தடியில் உட்கார்ந்து முதுகுப் பலகையைக் கழற்றுவார்.

ஒரு நாள் அவர் அப்படிக் கழற்றியபோது நான் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு பழுப்பு அட்டை. அதன்மேல் கலர் கோடு போட்ட சின்னச் சின்னக் குச்சிகள், நடுவில் மூன்று கால் வைத்த சின்னத் தகரத் தொப்பி மாதிரி ஏழெட்டு.

"இது இன்னாங்க?"

"இதாம்மா டிரான்சிஸ்டர். பொட்டிக்குப் பேரே இதால வந்ததுதான். முன்ன கண்ணாடி வால்வு இருந்தது, சூடாவும், கரண்டத் தின்னும். இது ரெண்டு செல்லுல ஓடும்."

"இவ்ளோதானா? ஒரு பருப்பு அளவு கூட இல்ல."

"அதான் அதோட பெருமை."

"இத யாரு செய்றாங்க?"

"அந்தத் தொப்பி வெளியூர்லேர்ந்து டப்பாவுல வருது. அட்டையில வெச்சுப் பத்தவைக்கறது, கம்பி சுத்தறது, டெஸ்ட் பண்றது எல்லாம் எங்க கம்பெனியில. செய்றது பூராவும் பொம்பளைங்க. உன்ன மாதிரி படிச்ச பொண்ணுங்க."

அவர் பலகையை மூடி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னார். நான் என் இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். கொட்டையை எடுத்தேன், உடைத்தேன், தோடு எது பருப்பு எது என்று தெரியாமல் மாற்றிப் போட்டேன். அம்மா என் கையில் அடித்தாள்.

அதன் பிறகு அவர் வரும்போதெல்லாம் எதையாவது கேட்டேன். எங்கே இருக்கிறது, எங்கே தங்குவார்கள், என்ன பரீட்சை வைப்பார்கள். களத்தில் கண் இல்லாமல் போகுமா? பேச்சு கிளம்பிவிட்டது. ரேடியோக்காரனுக்கும் படிச்ச பொண்ணுக்கும் இன்னாவோ இருக்குதாம். அது நைனா காதுக்குப் போனது. அவர் என்னைத் திட்டவில்லை. சோற்றுத் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். திட்டியிருந்தால் தேவலை.

அம்மா வேறு மாதிரி. மறுநாள் களத்துக்கு வந்ததும் நேரே டீக்கடைக்குப் போனாள். ரேடியோக்காரர் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"ஏம்ப்பா, எம் பொண்ணுகிட்ட உனக்கு இன்னா பேச்சு?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். "வேலையப் பத்திதாங்கம்மா. எங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்க. அதான் கேட்டுச்சு."

"பொம்பளைங்க வேலை உனக்கு எப்டித் தெரியும்?"

"எம் பொஞ்சாதி அங்கதாம்மா வேலை செய்யுது. கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உன் பொஞ்சாதிய நான் பாக்கணும்."

"இங்கயாம்மா?"

"அங்கதான். நான் வந்து பாக்கறேன்."

மதராஸைப் படத்தில்கூடப் பார்த்திராத அம்மா அப்படிச் சொன்னது எனக்கே நம்ப முடியவில்லை. வீட்டில் நைனா மறுத்தார். பட்டணத்தில் வயசுப் பெண் தனியாக இருந்தால் நாளைக்கு யார் கட்டுவான் என்றார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே பதில் சொன்னாள். "நான் போய்ப் பாத்துட்டு வரேன். நல்லா இல்லன்னா நானே இட்டுக்கினு வந்துடறேன். போவே கூடாதுன்னா அப்புறம் இன்னாத்துக்குப் படிக்க வெச்ச? நம்பரக் காட்டறதுக்கா?"  நாங்கள் கிளம்பிய காலையில் நைனா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கி வந்தார். கண்டக்டரிடம் இரண்டு தடவை சொன்னார், திண்டிவனத்தில் சரியாக மாற்றிவிடச் சொல்லி.

கம்பெனி கிண்டியில் இருந்தது. நாங்கள் போன நேரம் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. கேட்டுக்கு உள்ளே வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் கும்பல் கும்பலாக மரத்தடியில் நின்றார்கள். கோட்டுக்குக் கீழே புடவை, தாவணி, தலையில் பூ. ரேடியோக்காரரின் மனைவி கேட்டுக்கு வந்தாள். ஒல்லியாக, என்னைவிடக் குள்ளமாக இருந்தாள். அவர் எங்களைப் பற்றி முன்னாலேயே சொல்லியிருந்தார். அவளுடைய புருஷன் நல்லவனா என்று அம்மா கேட்கவில்லை. வேறு கேள்விகளை வைத்திருந்தாள்.

"உள்ள குந்திக்கினு செய்றதா, நின்னுக்கினா?"

"ஸ்டூல்ல உக்காந்துதாம்மா."

"வெய்யிலு?"

"உள்ள ஃபேன் இருக்குது."

"ஒண்ணுக்குப் போக இடம்?"

"தனியா இருக்குதும்மா, பொம்பளைங்களுக்கு."

அம்மா கேட்டை இன்னும் நெருங்கி வந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "தண்ணி எப்டி தராங்க?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வி புரியவில்லை. "எப்படின்னா? பானை இருக்குது. மொண்டு குடிப்போம்."

"யாரு மொண்டு ஊத்துவாங்க?"

"யாரும் ஊத்த மாட்டாங்கம்மா. நாங்களேதான் எடுத்துக் குடிப்போம்."

"எல்லாருமா? டம்ளரு?"

"ஒரு டம்ளர்தாம்மா கட்டிவெச்சிருக்காங்க. எல்லாரும் அதுலதான்."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.  என் தோளில் சரிந்திருந்த தாவணியை இழுத்துச் சரி செய்தாள். "போ. உள்ள போயி கேக்கறதுக்கு நல்லா பதில் சொல்லு" என்றாள்.

உள்ளே மேற்பார்வை செய்யும் அம்மாள் ஒருவர் கண் பரிசோதித்தார். ஒரு தட்டில் கலந்து கிடந்த சின்னச் சாமான்களைச் சிமட்டா என்கிற சின்ன இடுக்கியால் எடுத்து நிறம் பார்த்துப் பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். பிறகு என் கைகளைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் நகம் பிளந்து, விரல் நுனியெல்லாம் காய்ப்பு ஏறியிருந்தது.

"இது என்னம்மா? என்ன வேலை செய்யறே?"

"மல்லாட்டை உடைக்கிறேங்க."

"இந்த விரலுக்கு ஒண்ணும் தெரியாதே. ரொம்ப மெல்லிசான கம்பிம்மா."

 "ஆறிடும்ங்க" என்றேன். அவர் யோசித்தார். "ஆறட்டும். அடுத்த மாசம் வா" என்றார். வெளியே வந்து அம்மாவிடம் சொன்னபோது கிண்டி ஸ்டேஷன் மேம்பாலத்தில் நடந்துகொண்டிருந்தோம். கீழே எலக்ட்ரிக் ரயில் போனது. அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரயில் முழுவதும் கடந்துபோகிற வரைக்கும் பார்த்தாள்.

அந்த ஒரு மாதம் அம்மா என்னைக் களத்துக்கு வர விடவில்லை. தினமும் விரலில் விளக்கெண்ணெய் தடவினாள்.

விரல் ஆறி வேலையில் சேர்ந்த பிறகும் வேலை உடனே கைக்கு வரவில்லை. முதல் வாரங்களில் டிரான்சிஸ்டரின் கால்களை எத்தனை ஒடித்தேன் என்று எனக்கே தெரியாது. அதற்குச் சூடு ஆகாது. காலில் பற்றவைக்கும் சூட்டுக்கோலை வைக்கும்போதே இன்னொரு கையால் அதே காலைச் சிமட்டாவால் பிடித்துக்கொள்ள வேண்டும், சூடு சிமட்டாவுக்குள் இறங்கிவிடும். பிடிக்க மறந்தால் தொப்பி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், உள்ளே செத்திருக்கும். டெஸ்ட் மேசையில் நான் செய்த அட்டைகள் ஊமையாகத் திரும்பி வரும். ரேடியோக்காரரின் மனைவி என் பக்கத்து ஸ்டூலில் இருந்தாள். தன் வேலை முடிந்ததும் கழித்துப்போட்ட என் அட்டைகளை எடுத்து, எங்கே தப்பு என்று பேசாமல் விரலால் காட்டுவாள். எங்கள் வீட்டுக்கு எழுதிய கார்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதினேன். சைதாப்பேட்டை விடுதியில் படுத்துக்கொண்டு, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தேன்.

ஒரு நாள் திரும்பி வந்த அட்டை ஒன்றும் இல்லை. மறுநாளும் இல்லை. மேற்பார்வை அம்மாள் என்னைக் கடந்து போனபோது நின்று என் மேசையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாதிருப்பதுதான் பாராட்டு என்று பக்கத்து ஸ்டூல்காரி கிசுகிசுத்தாள்.

எங்கள் மேசையில் பல ஊர்ப் பெண்கள் இருந்தோம். வேலை முடிந்து பெட்டி மூடப்படும்போது, இது எங்கே போகும், யார் கையில் பாடும் என்று பேசிக்கொள்வோம். திருப்பூர்ப் பெண், பனியன் கம்பெனியில் தைக்கிறவர்கள் சேர்ந்து வாங்குவார்கள் என்பாள். நாகப்பட்டினத்துப் பெண்ணின் அண்ணன் கட்டுமரத்தில் போகிறவர், புயல் செய்தி கேட்காமல் இப்போது யாரும் கடலில் இறங்குவதில்லை என்பாள். கூடலூர்க்காரி தேயிலைத் தோட்டத்தைச் சொல்வாள். நான் மல்லாட்டைக் களத்தைச் சொன்னேன். எங்கள் களம் பாதி காலியான கதையைச் சொன்னபோது மேசையே சிரித்தது. நாங்கள் ஒவ்வொருவரும் எந்த வேலையிலிருந்து தப்பி வந்தோமோ, அந்த வேலை செய்கிறவர்கள்தான் நாங்கள் செய்த பெட்டியை வாங்கினார்கள். அறுவடைக் காலங்களில் தென்னார்க்காட்டுக்குப் போகும் பெட்டிகளைக் கட்டிக் கட்டி அனுப்பும் அறையே நிரம்பி வழியும். செஞ்சி என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு அன்று முழுக்கக் கை லேசாக இருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். களத்துக்கும் போனேன். முதலாளி எழுந்து வந்து, "நல்லா இருக்கியாம்மா? எங்க பொட்டி கரகரங்குது, பாக்கறியா?" என்று கேட்டார். பார்த்தேன். செல் வைக்கும் இடத்தில் பச்சை பூத்திருந்தது, துடைத்ததும் சரியானது. கணக்குப்பிள்ளை எனக்கு ஒரு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தார். மற்ற காலனிப் பெண்களுக்கு இன்னும் செம்புதான் என்பதைப் பார்த்தேன். மோரைக் குடிக்காமல், பக்கத்தில் இருந்த பெண்ணிடம் தள்ளினேன். அவள் கணக்குப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் குடித்தாள். அந்த வருஷமோ அடுத்த வருஷமோ சுவர் ஓரத்திலும் ஒரு பானை வைத்தார்கள் என்று அம்மா சொன்னாள். தனிப் பானைதான். இரண்டு பானையும் ஒன்றானது அதற்கும் ரொம்பப் பிற்பாடு.

நைனா இப்போது என்னைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்தியிருந்தார். கவலைப்பட அவருக்கு நேரம் இல்லை. காலனியில் பெண் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அவரைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள். எவ்வளவு படித்திருக்க வேண்டும், எப்போது ஆள் எடுப்பார்கள் என்று. அவரும் எல்லாம் தெரிந்தவர்போல் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுபதுகள் முடிகிற சமயத்தில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்களை நான் பஸ் ஏற்றி அழைத்துப் போனேன். ஒருத்தி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திண்டிவனம் வரைக்கும் வாந்தி எடுத்தாள். இன்னொருத்தி என் கையை விடவே இல்லை.

"அக்கா, நாம பேசறதப் பாத்து அங்க சிரிப்பாங்களா?"

"சிரிப்பாங்க. என்னயும் சிரிச்சாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பழகிடுச்சு. அவங்களுக்கு."

இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. ஒருத்தியைக் கம்பி சுற்றப் போட்டார்கள், இன்னொருத்தியை நிறம் பிரிக்க. முதல் நாள் மதியம் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எந்த மேசை எங்கே இருக்கிறது, யார் எப்படி முறைத்தார்கள், யார் ஊறுகாய் கொடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் எங்கள் ஊர்ப் பேச்சில், எங்கள் ஊர்ச் சத்தத்தில். எதிரே இருந்த புதுப் பெண் ஒருத்தி, தஞ்சாவூர்க்காரி, சோற்றைக் கையில் வைத்தபடியே எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எந்த ஊர் பாஷைங்க?" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னோம், "செஞ்சி."